கலர்ல போடு, தாயி

எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு இசைப் பத்திரிகை வடிவமைத்துத் தர வேண்டும் என்றார்கள். ஓர் அட்டை, உள்ளே இருபத்து நான்கு பக்கம், அதை விளம்பரப்படுத்த ஒரு போஸ்டர். பதினேழு பேர் கிட்டாரைப் போட்டார்கள். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, மாதா கோவில் பாடகர் குழுவைத் தவிர வேறெங்கும் கிட்டாரைப் பார்த்திராத பதினேழு பேர், பிரவுசிங் சென்டரில் வரிசையாக உட்கார்ந்து, படம் விரற்கடை விரற்கடையாக இறங்குவதற்குக் காத்திருந்து, தீப்பிடித்த கிட்டார், மழையில் நனையும் கிட்டார், சங்கிலி சுற்றிய கிட்டார் என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நம்ம ஊரில் சத்தத்துக்கா பஞ்சம் என்று கேட்டுச் சண்டை போட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிட்டார் போட்டவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. பேண்டு மாஸ்டரைப் போட்ட என்னால்தான் வந்தது.

வடிவமைப்புப் பாடம் எடுத்த வாத்தியார் சென்னையிலிருந்து வந்தவர். தொளதொளவென்று ஒரு கதர் ஜிப்பா, கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா. எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு இரண்டே கருத்துகள்தான். ஒன்று, தண்ணீர் சரியில்லை. இரண்டு, கலர் அதிகம். எங்கள் பஸ், எங்கள் கடைப்பலகை, எங்கள் சப்பரம், எங்கள் கல்யாணப் பத்திரிகை எல்லாமே கலரைக் கொட்டிக் கத்துகிறதாம். கறுப்பு வெள்ளைதான் உண்மையைப் பேசும் என்று வகுப்புக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். நான் அதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். அந்த நோட்டு இப்போது கையில் கிடைத்தால் அடுப்பில் வைப்பேன்.

பேண்டு மாஸ்டர் எங்கள் தெருவுக்குப் பின்னால், ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டி இருந்தார். கிளாரினெட் வாசிப்பார். அவருக்குக் கீழே டிரம்பெட், பெரிய டிரம், சின்ன டிரம், ஜால்ரா என்று எட்டுப் பேர். அவர் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் ஒரே பங்குக் கோவிலுக்குத்தான் போனோம். ஆனால் நான் அந்தத் தெருவுக்குப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு முகம் மாறியது. அங்கே உனக்கென்ன வேலை என்றார். படிப்பு வேலை என்றேன். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். படிப்பு என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் எதிர்க்கேள்வி கிடையாது.

மாஸ்டருடைய பேண்டு செட்டை எல்லோரும் எழவு வீட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். அது எப்படி ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. தொடக்கத்தில் கோவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போனவர்கள்தான். பிறகு மதுரையிலிருந்து புதிது புதிதாக செட்டுகள் வந்தன. இவர்களுக்கு மிஞ்சியது சாவு மட்டும். ஒருமுறை சாவுக்கு ஊதியவன் என்று பெயர் வந்துவிட்டால் கல்யாண வீட்டார் வாசலில் ஏற்ற யோசிப்பார்கள். எழவு வீட்டில் அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. தெருமுனையில் நிற்க வைத்து டீ கொடுப்பார்கள், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடலாம். அவர் ஆசைப்பட்டது அந்த இலைக்குத்தான். அதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

அதற்காகவே அவர் தனக்கும் எட்டுப் பேருக்கும் புது யூனிபாரம் தைத்திருந்தார். அரக்குச் சிவப்பில் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான், தொப்பியில் வெள்ளை இறகு. எழவு வீட்டுக்கு அதைப் போடுவதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லி, பழைய காக்கிச் சட்டையோடே போய்க்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கோட்டு கல்யாணத்துக்கு மட்டும். தைத்து ஒரு வருடமாகியும் அது பெட்டிக்குள்தான் கிடந்தது. நான் போன சமயம் பார்த்துத்தான் சேவுகம்பட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து இவர்களைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு இவர்கள் வாசிப்பு. இன்னும் ஒரு மாதம் இருந்தது. பத்திரிகையில் உங்கள் படத்தை அட்டையில் போடப்போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கலர்ல போடு, தாயி. கல்யாண வீட்ல ஆளுக வந்து விசாரிச்சா எடுத்துக் காட்டுவேன்."

சரி மாஸ்டர் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். என் கேமராவுக்குள் அப்போதே கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் இருந்தது.

படம் எடுக்கப் போன அன்று அவர் முழுச் சிங்காரத்தோடு நின்றுகொண்டிருந்தார். கோட்டுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார். ஷூவுக்கு வெள்ளை அடித்திருந்தார். தெருவே கூடி நின்று பார்த்தது. கிளாரினெட்டை மார்போடு சேர்த்து நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு, தாடையை உயர்த்தி, கேமராவை நேராகப் பார்த்தார். அப்படியே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டுடியோவில் எடுத்தது மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். காரை பெயர்ந்த சுவரோரமாக உட்காரச் சொன்னேன். கோட்டு அழுக்காகுமே என்று ஒரு கணம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். தலையைக் கொஞ்சம் குனியுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உள்ளுக்குள் ஒரு பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதையும் செய்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், இருபது வயதுப் பெண் சொன்னதையெல்லாம் செய்தார். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்த ஒவ்வொன்றையும் நான் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பெயர் கலை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கல்லூரி இருட்டறையில் படத்தைக் கழுவிப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. சுவரின் வெடிப்பும் அவர் நெற்றிச் சுருக்கமும் அப்படிப் பொருந்தியிருந்தன. அரக்குச் சிவப்பு அந்த ஃபிலிமில் கறுப்பாக விழுந்திருந்தது. குஞ்சம் சாம்பல். வாத்தியார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைத் தொடாதே, அப்படியே முழு அட்டைக்கும் போடு என்றார். பத்திரிகைக்கு நான் வைத்த பெயர் சத்தம். அதைப் பெரிதாக எழுதியிருந்தேன். எழுத்து படத்தோடு போட்டி போடுகிறது என்று எறும்பளவுக்குக் குறைத்து மூலையில் தள்ளினார். படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று போடச் சொன்னார். போஸ்டருக்கும் அதே படம், அதே கோடு. கீழே மாஸ்டரின் பெயரும் தெருப் பெயரும் தடித்த எழுத்தில். அதற்கும் கீழே, எங்கள் பத்திரிகைகளைக் கல்லூரியில் காட்சிக்கு வைக்கும் நேரம், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. இடத்தின் பெயரைப் பொடி எழுத்தில் போட்டால் போதும், வருகிறவனுக்குத் தெரியும் என்றார்.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. மூன்று வருடம் படித்திருந்தேன் அல்லவா.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான். நான் கொண்டுபோன சி.டி.யைப் போட்டுத் திறந்ததும் ஆபரேட்டர் திரையைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். அவர் குரல் தணிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கா எடுக்கிறார்கள், எந்தக் கோவிலில் பூசை, அதைப் போடவில்லையே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது பத்திரிகை, இவர் நல்லாத்தான் இருக்கிறார் என்று படபடத்தேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப கலர்ல போடுங்க தங்கச்சி. உசுரோட இருக்க ஆளு, இப்படிப் போட்டா ஆகாது."

கண்ணீர் அஞ்சலி போட்டுப் போட்டு இவருக்கு எல்லாமே சாவாகத்தான் தெரிகிறது என்று வெளியே வந்து, கூட வந்திருந்த தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் தொழில் தெரிந்தவர். நான் தெரியாதவள். ஆனால் படிக்கிறவள் நான், அதனால் என் பேச்சுதான் எடுபட்டது. ஐம்பது போஸ்டர். கல்லூரி வாசல், நூலகம், மணிக்கூண்டு என்று ஒட்ட வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதிக் கட்டின்மேல் செருகி வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கடைக்கு வழக்கமாக போஸ்டர் ஒட்டுகிறவர் ஒருவர் உண்டு. ராத்திரி அவர் வந்து எடுத்துப்போவார் என்றார்கள்.

சாவு போஸ்டர் ஒட்டுவதற்கென்று எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. செத்தவர் வீட்டுத் தெருமுனையில் முதல் போஸ்டர். பிறகு அந்தப் பகுதி டீக்கடை. பிறகு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் பஸ் ஸ்டாண்டு வாசல். பிறகு கோவில் மதில். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ரோடு நெடுக, இருபதடிக்கு ஒன்று. வெளியூரிலிருந்து வருகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. போஸ்டரைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம், அதைப் பார்த்துக்கொண்டே கல்லறைக்கும் போகலாம். ஒட்டுகிறவர் என் தாளைப் பார்க்கவே இல்லை. அவர் எதற்குப் பார்க்க வேண்டும்? போஸ்டரைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். தெருப் பெயரைப் பார்த்தார். பசை வாளியை எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டார். அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பா கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்து, உன்னுடைய பேண்டு மாஸ்டர் தவறிவிட்டாராமே என்றார். எப்போது என்று கேட்டேன். தெரியவில்லை, நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கிறார்களாம் என்றார். நாலு மணி என் போஸ்டரில் இருந்த நேரம். செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன்.

மாஸ்டர் வீட்டு வாசலில் ஐம்பது அறுபது பேர். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகள் இறக்கியிருந்தார்கள். பேண்டு செட்டு ஆட்கள் எட்டுப் பேரும் காக்கிச் சட்டை போட்டு டிரம்மோடு வந்திருந்தார்கள், மாஸ்டருக்கு வாசிக்க. இரண்டு பேர் கையில் மாலை. நடுவில் மாஸ்டர், பனியனும் கைலியுமாக, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையில் டீக்கடைக்குப் போனவர் தன் போஸ்டரைத் தானே பார்த்திருக்கிறார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இவரைப் பார்த்து டம்ளரைக் கீழே விட்டுவிட்டாராம். கூட்டத்தில் சிலர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாலையோடு வந்தவர்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். பொய்ச் சாவுச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்று வருகிறவர்கள் எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள். மாஸ்டரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எரியோட்டில் கட்டிக்கொடுத்திருந்த அவர் மகள் வந்து சேர்ந்தார். யாரோ பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் போஸ்டரைப் பார்த்து, அங்கிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, போஸ்டர் போஸ்டராகப் பார்த்து அழுதுகொண்டு வந்திருக்கிறார். தெருவுக்குள் நுழைந்ததும் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஓடிவந்து அவர் தோளில் இரண்டு அடி அடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மறுபடியும் அழுதார். அழுது முடித்தபின் இந்தப் படத்தைப் போட்டது யார் என்று கேட்டார். கூட்டம் என்னைப் பார்த்தது. நான்தான் என்றேன்.

"எங்கப்பன உசுரோட இருக்கையில கறுப்பு வெள்ளையில போட ஒனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

எனக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு படத்தைப் பார்க்கத் தெரியாதா இந்த ஊருக்கு என்று உள்ளுக்குள் கொதித்தேன். அடுத்த நாள் வரை கொதித்தேன்.

நானும் தோழியும் அந்தக் காலையிலேயே போஸ்டர்களைக் கிழிக்கப் போனோம். மைதாப் பசை காய்ந்துவிட்டது. நகத்தால் சுரண்டச் சுரண்ட, முகம் பாதி வந்தது, பாதி வரவில்லை. பாதி முகம் கிழிந்த போஸ்டர் இன்னும் அசிங்கமாக இருந்தது. கோவில் மதிலில் இருந்ததைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். கல்லறை ரோட்டில் இருந்தவற்றை விட்டுவிட்டோம். கை ஓய்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சேவுகம்பட்டியிலிருந்து பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்காக அங்கே போயிருந்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மாஸ்டரின் உடம்பை விசாரித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, கல்யாணத்துக்கு வேறு செட்டு பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் இடையில் புகுந்தேன். இது என் தப்பு, இவர் என்ன செய்தார், இதோ உயிரோடுதானே நிற்கிறார் என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் மாஸ்டரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"எங்களுக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர். வீட்ல பொம்பளையாளுக சங்கடப்படுறாக."

இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பொம்பளையாட்கள் பாவம், அவர்களிடம் யாரும் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஊரில் எந்த ஈனத்தனத்துக்கும் ஒரு முந்தானை வேண்டும், மறைந்துகொள்ள. அந்த ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை நான் வைதுகொண்டே இருந்தேன். மாஸ்டர்தான் போதும் தாயி என்று கையமர்த்தினார். உள்ளே கொடியில் அந்தச் சிவப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நாள் இருக்கும்போதே எடுத்து வெயில் காட்டியிருக்கிறார்.

அன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் கண்காட்சி. பதினேழு கிட்டாருக்கு நடுவில் என் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் நான் வாத்தியாரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவர் கண்கள் பளபளத்தன. முதலில் அவரும் கலங்குகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, அவருக்குச் சந்தோஷம். ஓர் ஊரையே ஏமாற்றிவிட்டது உன் படம், ஒரு வடிவமைப்புக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும் என்றார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரிடம் இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கதையைச் சொன்னார். டீ டம்ளர் விழுந்ததைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். எனக்கு முதல் மதிப்பெண் கொடுத்தார்கள். அட்டைக்குச் சட்டம் போட்டுத் துறை வாசலில் மாட்டினார்கள். சந்தன மாலை ஒன்றுதான் குறை.

நான் அந்தச் சட்டத்தைக் கழற்றி உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டேன். வாத்தியார் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இதனால் வந்ததுதான். அவர் சிரித்தபோது நான் அழுகையை நிறுத்திவிட்டு, கொஞ்சம் பெருமையாகவும் நின்றேன். அது எனக்குத் தெரியும்.

பத்திரிகையின் ஒரு பிரதியை மாஸ்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அட்டையை அதிக நேரம் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். டிரம் வாசிப்பவரின் கை, டிரம்பெட்டின் வாய், தெருவில் காயும் காக்கிச் சட்டைகள். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று புரிந்தது. என்ன மாஸ்டர் என்று கேட்டேன். உள்ளே எங்கேயாவது ஒன்று கலரில் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றார். இல்லை என்றேன். சரி, நல்லாயிருக்கு என்று மூடிக் கிளாரினெட் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த வாரம் கலர் ஃபிலிம் போட்டுக்கொண்டு வருகிறேன், கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுத் தயாராக இருங்கள், நேராக நிற்க வைத்து எடுக்கிறேன் என்றேன். வா தாயி என்றார். அடுத்த வாரம் தேர்வு. அதற்கடுத்து மதுரையில் ஒரு விளம்பர அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும் என்று நினைப்பேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டு, எங்கோ எழவுக்குப் போக டெம்போவுக்குக் காத்திருந்தார். போய்ப் பேசியிருக்கலாம். தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். போஸ்டரை ஒட்டியது யாரோ, கல்யாணத்தைக் கலைத்தது யாரோ, சிரித்தது யாரோ. ஒதுங்கியது நான்தானே.

இப்படியே ஆறு வருடம் போயிற்று. அதற்குள் ஊரில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், சாவு எல்லாமே ஆளுயரக் கலரில் தெருமுனையில் நின்றன. ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. எரியோட்டு மகள். எங்கள் அம்மாவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறார். அப்பா நேற்று மத்தியானம் தவறிவிட்டார் என்றார். இந்த முறை நிசமாத்தான் என்று அவரே சேர்த்துச் சொன்னார். ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், அப்பாவுக்கு நல்ல படம் என்று நீ எடுத்ததுதான் இருக்கிறது, அதில் கலரில் ஒன்று இருந்தால் அனுப்பு என்றார்.

என்னிடம் கலரில் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி, அந்தக் கண் மூடிய படத்தை அதே டி.டி.பி. சென்டருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, அலுவலகத்தின் டிஜிட்டல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கேமராவை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் யாரையோ வைதுகொண்டே வந்தேன்.

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. ஆபரேட்டர் தன்னால் ஆனதைச் செய்திருந்தார். என் சுவரை அழித்துவிட்டு மேகமும் வெள்ளைப் புறாவும் வைத்திருந்தார். குனிந்த தலையை நிமிர்த்தியிருந்தார். மூடிய கண்ணுக்கு மேல் வேறு யாருடைய கண்ணையோ எடுத்துப் பொருத்தித் திறந்துவிட்டிருந்தார். கோட்டு என்ன நிறமென்று தெரியாததால், போட்டோவில் கோட்டு போட்டிருக்கும் எல்லோருக்கும் போடுகிற நீலத்தைப் போட்டிருந்தார். இதற்குக் கீழே எட்டுப் பேரும் சிவப்புக் கோட்டில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழவுக்குப் போடுவதில்லை என்று வைத்திருந்த கோட்டு. ஆறு வருடமாகியும் துணி புதிதாகத்தான் இருந்தது. எத்தனை கல்யாணத்துக்குப் போட்டீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

மகளிடம் போய், அக்கா, கோட்டு சிவப்பு, நீலமில்லை என்றேன். இப்போதே கடைக்குப் போய் மாற்றி அடித்து வாங்கி வருகிறேன் என்று பதறினேன். தெரியும் என்றார். இருக்கட்டும், தப்பான கலர் என்றாலும் கலர்தானே என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலை என்றிருக்கும்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோவிலுக்குத் தூக்குவதற்கு முன், சவப்பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, வீட்டார் எல்லோரும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். ஸ்டுடியோக்காரரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆள் வரவில்லை. கோவிலில் சாமியார் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தினார்கள். மகள் கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, என் தோளில் தொங்கிய கேமராவைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல கலர்ல விழும்ல? நீயே எடு தாயி."

பெட்டிக்குள் மாஸ்டர் சிவப்புக் கோட்டில் இருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தது. தோளில் மஞ்சள் குஞ்சம், துலக்கிய பொத்தான்கள், தலையில் இறகு வைத்த தொப்பி, மார்பின்மேல் நேராகப் பிடித்தாற்போல் கிளாரினெட். நான் கழற்றச் சொன்ன எல்லாவற்றையும் போட்டிருந்தார். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று கேமராவைப் பார்த்தார்கள். நான் யாரையும் இப்படித் திரும்பு, அப்படி நில் என்று சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேன். கலரில் விழுந்தது. கண் மட்டும் மூடியிருந்தது, நான் சொல்லாமலே.